செவ்வாய்க்கிழமைத் தபால் வண்டி

ஒவாக்காவில் பேருந்து இல்லை.
தபால் வண்டியில் ஓர் இருக்கை உண்டு,
பார்சல்களோடு நெருக்கியடித்து உட்காரச் சம்மதமென்றால்.

எல்ஸ்பெத் மக்ரோரி ஓட்டுகிறாள்.
அவள் பேச்சை எழுத இடையின ரகரம் போதாது,
வல்லின றகரம் வேண்டும்:
தார் ரோடு முடிந்து
சரளையில் சக்கரம் ஏறும் சத்தம் அது.

என் மடியில் வரைபடம்.
ஏழு இடங்களைச் சிவப்பு மையால் சுழித்திருந்தேன்.
"ஏழா?" என்றாள்.
"பார்க்கலாம். கடலுக்கும் ஆட்டுக்கும் சௌகரியப்பட்டால்."

புரட்டாசி. இந்தத் தெற்குக் கோடியில் அது வசந்தம்.
பச்சை, பச்சை, மேலும் பச்சை,
அதன்மேல் நேற்றுப் பிறந்தவை துள்ளுகின்றன.
வேலிக்கு வேலி தபால் பெட்டி:
ஒரு பால் கேன்,
ஒரு பழைய மைக்ரோவேவ் அடுப்பு.
கதவைத் திறந்து கடிதத்தை வைத்து மூடுகிறாள்
இரண்டு நிமிடம் சூடாக்கப் போகிறவள்போல.

நகெட் முனையில் கலங்கரை விளக்கம்.
கீழே, யாரோ சோழி உருட்டிவிட்டு
ஆட்டத்தை மறந்து போனதுபோல் பாறைகள்.
எண்ணினேன். அலை கலைத்தது.
மறுபடி எண்ணினேன்.
எல்ஸ்பெத் ஹாரன் அடித்தாள்.

காட்டுக்குள் படிப்படியாக இறங்கும் அருவி,
காலண்டரில் பார்த்த அதே அருவி.
காலண்டரில் மணல் ஈ கடிக்கவில்லை.

பாப்பதோவாய்: கடற்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்
குறுக்கே படுத்திருந்தது ஒரு கடற்சிங்கம்.
ஒரு கண்ணைத் திறந்தது,
எங்களுக்கு அது போதுமென்று மூடிக்கொண்டது.
திரும்பினோம்.
குகைக்குப் போகும் வழியில் பூட்டு,
குளிர்காலம் முழுக்க அப்படித்தானாம்.
"சொல்லியிருக்கலாமே?"
"நீ கேட்கவில்லையே."

அடுத்த வளைவில் ரேவி கை காட்டினான்.
கையில் ஓட்ஸ் சாக்கு, சாக்கில் ஒரு தலை.
"தாய் விடியற்காலையில் செத்துப்போச்சு.
நெரீடாவிடம் ஒன்று குட்டியில்லாமல் கத்திக்கொண்டு நிற்கிறதாம்."
"தபால்தலை எங்கே?" என்றாள் எல்ஸ்பெத்.
ரேவி கட்டைவிரலை நாக்கில் தொட்டு
ஆட்டுக்குட்டியின் நெற்றியில் அழுத்தினான்.

வேறு இடமில்லை. என் மடிதான்.
நடுங்கியது, என் பொத்தானைச் சப்பிப் பார்த்தது,
பிறகு வரைபடத்தின்மேல் நிதானமாகச் சிறுநீர் கழித்தது.
சிவப்பு மை பரவியது.
ஸ்லோப் முனை கடலுக்குள் போனது,
அருவி நெடுஞ்சாலைக்கு வந்தது.

நெரீடா கத்தியோடு காத்திருந்தாள்.
செத்த குட்டியின் தோலை உரித்து வைத்திருந்தாள்,
நான்கு கால்களுக்கும் துளையோடு.
பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் மாட்டுவதுபோல்
அதை இதற்கு மாட்டினாள். கொஞ்சம் பெரிசு.
தாய் முகர்ந்தது.
காலைத் தரையில் ஒருமுறை உதைத்தது.
நான் பார்க்காமல் கடலைப் பார்த்தேன்.
மறுபடி முகர்ந்தது, அந்தப் பழைய வாசனையை,
அதற்குள்ளிருந்து வரும் புதிய பசியை.
வால் கிடுகிடுவென ஆடத் தொடங்கிய பிறகுதான்
நெரீடா கையைத் துடைத்துக்கொண்டு
தபாலைப் பிரித்தாள்.
மின்கட்டண பில்.

ஸ்லோப் முனையிலும் வேலிக்கதவில் பலகை:
'குட்டி ஈனும் காலம். வழியில்லை.'
சாலையிலிருந்தே பார்த்தேன்,
தென்துருவக் காற்று ஒரே பக்கமாக
வகிடெடுத்துச் சீவிவிட்ட மரங்களை.
அவற்றின் அடியில் மனிதர்களில்லை, ஆடுகள்.

கியூரியோ விரிகுடாவுக்கு
சரியாகக் கடல் வற்றும் நேரத்தில் சேர்ந்தோம்.
கல்லாகிப்போன காடு கரையில் விழுந்து கிடந்தது,
அடிமரங்களில் வளையங்கள் அப்படியே.
இந்த முறை எண்ணவில்லை.
மஞ்சள் கண்ணுள்ள ஒரே ஒரு பென்குயின்
அலையிலிருந்து ஏறி, கல்மரங்களைத் தாண்டி,
புதருக்குள் போனது.
நாங்கள் தள்ளியே நின்றோம்.
எல்ஸ்பெத் தொப்பியைக் கழற்றவில்லை, ஆனால் பேசவும் இல்லை.

"ஏழில் எத்தனை?" என்றாள், வண்டிக்குத் திரும்பியதும்.
வரைபடம் ஹீட்டரின்மேல் காய்ந்துகொண்டிருந்தது.
வண்டி முழுக்க ஆட்டு வாடை.
பின்னிருக்கையில் இன்னும் ஒரு பார்சல்,
மழையில் முகவரி அழிந்தது.
"இது யாருடையதென்று எனக்குத் தெரியும்" என்றாள்.
விளக்கைப் போட்டாள்.